பனியில்லா ஊரின் பனிவிளக்கு

"ஏங்க, காருக்கு அடியில என்னத்தத் தேடுதிய?"

சேக் முகம்மது காருக்கு அடியில் இல்லை. காருக்கு முன்னால், தகரக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்திருந்தார். கையில் பூதக்கண்ணாடி.

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால் என்னவோ இருக்கிறது என்பது மும்தாஜ் பேகத்தின் பதினெட்டு வருஷ அனுபவம். குனிந்து பார்த்தாள். காரின் இடது பக்கத்துப் பனிவிளக்கில், நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"யாரு செஞ்சா?"

"ஆபிதா பீவி வீட்டுக் கெடா."

பக்கத்து வீட்டு ஆட்டுக்கெடா அந்த விளக்கில் தன் முகத்தைப் பார்த்திருக்கிறது. இந்தத் தெருவில் தன்னைப்போல இன்னொரு அழகனா என்று அதற்குப் பொறுக்கவில்லை. ஒரே முட்டு. கொட்டகைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனது யார் என்று மும்தாஜ் கேட்கவில்லை. பார்வையிலேயே விஷயத்தை முடித்துக்கொண்டாள்.

சொந்தக் காராக இருந்தால் விரிசல் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கார் மும்தாஜின் தம்பி ஹசன் அலியுடையது. அவனுக்குத் துபாயில் வேலை. எட்டு மாதத்துக்கு முன் லீவில் வந்தவன் காரை வாங்கி, பத்து நாள் ஓட்டி, துபாயிலிருந்து பெட்டியில் கொண்டு வந்த ஒரு ஜோடிப் பனிவிளக்கைத் தன் கையாலேயே முன்னால் மாட்டிவிட்டுப் போனான். திருநெல்வேலியில் பனிமூட்டம் இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது மட்டும்தான் வரும். ஆனாலும் ஹசன் அலிக்கு என்றைக்காவது கொடைக்கானல் போகும் எண்ணம் இருந்தது. எண்ணத்துக்கும் வெளிச்சம் வேண்டுமல்லவா.

காரை யார் பொறுப்பில் விடுவது என்று மேலப்பாளையத்து மாமியார் வீட்டில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். சேக் முகம்மதுவின் பெயர் வந்ததும் சபை இருமியது. மூன்று வருஷத்துக்கு முன் ஹசனின் பைக்கை அவரிடம் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அதன் கண்ணாடி சணல் கயிற்றில் தொங்கியது. அப்போது மும்தாஜ் எழுந்து, எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "இவுகளுக்கு நா பொறுப்பு. காருல ஒரு கீறல் விழுந்தாலும் எங்கிட்டக் கேளுங்க."

அதுவரை சேக் முகம்மதுவுக்காக யாரும் எங்கேயும் ஜாமீன் நின்றதில்லை. அதற்காகவே காரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். ஸீட்டின் பாலிதீன் உறையைக்கூடக் கழற்றவில்லை. சட்டை அதில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தபோதும் கழற்றவில்லை. பொதுவாகவே அந்தக் குடும்பத்தில் புதுப் பொருளின் உறையைக் கழற்றுவது பாவத்தில் சேர்த்தி. டிவி ரிமோட் ஆறு வருஷமாக உறைக்குள் இருந்தது. எந்தப் பொத்தான் எது என்று தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"வெள்ளிக்கிழமை அசன் வாரான்" என்றாள் மும்தாஜ்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதான. சரி பண்ணிருதேன்."

இந்த வார்த்தையைக் கேட்டதும் மும்தாஜுக்கு விரிசலைவிடப் பெரிய பயம் வந்தது.

முதலில் நியாயமாக வண்ணார்பேட்டைக்குப் போனார். உதிரிபாகக் கடை அண்ணாச்சி போனில் விளக்கின் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு துக்கம் விசாரிக்கிற குரலில், "இது துபாய் மாலுல்லா. இங்கன கெடைக்காது. சொல்லி வச்சா ஒரு மாசம் ஆவும்" என்றார்.

மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் கணேஷ்ராமிடம் சொன்னார். கங்கைகொண்டானில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் இருவருக்கும் தரம் பார்க்கும் வேலை. ஓடுகிற பெல்ட்டில் ஆயிரம் மூடிக்கு நடுவே மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்து எடுத்து வீசுவதில் சேக் முகம்மதுவை மிஞ்ச ஆள் கிடையாது. பிளாஸ்டிக்கில் தன் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீரு?" என்றான் கணேஷ்ராம். "வீடியோவுல நூறு வழி சொல்லுதான் வே. ஒட்டுற பசைய விரிசலுக்குள்ள ஊத்தும். மேல நைஸ் உப்புத்தாளப் போட்டுத் தேயும். பேஸ்ட்ட வச்சு பாலீஷ் பண்ணும். புதுசு தோத்துப் போவும்."

கணேஷ்ராமிடம் காரும் இல்லை, விளக்கும் இல்லை. ஆகவே அவன் பேச்சில் ஒரு தெளிவு இருந்தது.

திங்கள் சாயங்காலம் பசை ஊற்றினார். விரிசல் நிஜமாகவே மறைந்தது. சேக் முகம்மது திருப்தியாக அதை விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் திரும்பி வரவில்லை.

"மும்தாஜ், கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா."

"டீயா போடட்டுமா?"

"தண்ணி போதும். பைய வராத, வெரசா வா."

விரல் விடுபட்டபோது அதன் ரேகை முழுசாக விளக்கில் தங்கிவிட்டது. யார் செய்தது என்று பிற்காலத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. அதோடு பசையின் ஆவி பரவி, விளக்கின் பாதி பூசணம் பிடித்த ஊறுகாய் ஜாடி நிறத்துக்கு வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை உப்புத்தாள். ரேகை போகும்வரை தேய்த்தார். ரேகை போனது. பளபளப்பும் கூடவே போனது. குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி, உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் எட்டிப் பார்க்க முடியாத அளவுக்கு விளக்கு மானமுள்ளதாக மாறியது.

அதன்மேல் பற்பசை. அரை டியூப் காலி. வீட்டில் பல் தேய்க்கப் போன மகன் உப்பை எடுத்துக்கொண்டு போனான். பற்பசை விளக்கின் கீறலுக்குள் எல்லாம் இறங்கி, காய்ந்து, வெள்ளை வெள்ளையாகக் கோடு காட்டியது. ஒரு விரிசல் இருந்த இடத்தில் இப்போது தாமிரபரணி, சிற்றாறு, பச்சையாறு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

"கிராம்பு வாசம் வருது" என்றாள் மும்தாஜ்.

"அது பரவாயில்ல."

"விளக்குலருந்து வருதுங்க."

அந்த நேரம் பார்த்து ஹசன் அலி துபாயிலிருந்து கூப்பிட்டான். சேக் முகம்மது விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசினார்.

"மச்சான், வண்டி எப்படி இருக்கு?"

"வண்டிக்கென்ன. ராசா மாரி இருக்கு."

"அந்தப் பனிவிளக்குல ஒரு சின்ன வேல பாக்கி கெடக்கு மச்சான். நா வந்து பாத்துக்கிடுதேன். நீங்க அதுல கைய வச்சிராதிய."

போனை வைத்தபோது சேக் முகம்மதுவின் முகம் வெளுத்திருந்தது. "யாரோ சொல்லிட்டாவ மும்தாஜ். விளக்கையே கேக்கான். ஊரு விட்டு ஊரு இருந்துக்கிட்டு, கைய வைக்காதங்கான்."

பயந்தவன் சும்மா இருப்பதில்லை. புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வண்ணார்பேட்டை ஃபேன்சி ஸ்டோரில் நின்றார். நிறமில்லாத நகப்பாலீஷ் போட்டால் கீறல் மறையும் என்பது கணேஷ்ராமின் அடுத்த ஞானம்.

"எத்தன வேணும்ணே?" என்றாள் கடைப் பெண்.

"நாலு குப்பி."

"வீட்டுல விசேஷமா?"

"காருக்கும்மா."

அவள் பையைச் சற்றுத் தள்ளி நின்று நீட்டினாள்.

நகப்பாலீஷ் நன்றாகவே பிடித்தது. விளக்கைப் பிடித்ததோடு அந்தப் பக்கம் போன ஒரு கொசுவையும் பிடித்தது. கொசுவை எடுக்கப்போனால் பாலீஷ் உரியும். கொசு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். தள்ளி நின்று பார்த்தார். இடது விளக்கில் ஒரு மங்கல், நடுவில் மூன்று நதி, ஓரத்தில் கொசு. வலது பக்கம் பளிச்சென்று பொட்டுக் குறையில்லாத விளக்கு.

பிரச்சினை எங்கே இருக்கிறதென்று தரம் பார்க்கிறவருக்கு உடனே புரிந்துவிட்டது. பிரச்சினை வலது பக்கத்து விளக்கில் இருந்தது.

"ரெண்டும் ஒண்ணு போல இருந்தா யாருக்குத் தெரியும்?" என்றார். "மாடலே அப்படின்னு நெனச்சுக்கிடுவான்."

மும்தாஜ் உப்புத்தாளைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க. நல்லா இருக்குறதையாவது விட்டு வையுங்க."

"ஒண்ணு மட்டும் கெட்டிருந்தாத்தான் குத்தம். ரெண்டும் கெட்டிருந்தா அது டிசைனு."

அவள் கையை விட்டாள். வலது விளக்கு லேசில் மசியவில்லை. இடது விளக்கு அரை மணியில் மங்கியது என்றால், இதற்கு அரை நாள் ஆனது. உப்புத்தாள் ஐந்து தேய்ந்தது. "துபாய்க்காரன் வலது பக்கத்துக்கு மட்டும் ஒசந்த சரக்கப் போட்டிருக்கான், ஏமாத்துக்காரப் பய" என்று திட்டிக்கொண்டே தேய்த்தார். பிறகு ஆணி முனையால் பார்த்துப் பார்த்து மூன்று நதிகளையும் கீறினார். பசை, பற்பசை, பாலீஷ் எல்லாம் வரிசை தவறாமல் போட்டார். கடைசியில் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் போல இருந்தன. கொசு ஒன்றுதான் குறை.

வியாழக்கிழமை வேலை முடிந்து கணேஷ்ராம் நேரில் வந்து பார்த்தான்.

"மொதல்லயே மேல ஒரு கண்ணாடித் தாள ஒட்டியிருந்தா இந்த வெனையே இல்ல வே" என்றான். "கெடா முட்டுனா தாளுதான் போயிருக்கும். விளக்கு தப்பிச்சிருக்கும்."

அது சேக் முகம்மதுவின் மனதில் ஆணி அடித்தாற்போல் இறங்கியது. எட்டு மாதமாகத் தனக்கு இது தோன்றவில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது. உடனே கண்ணாடித் தாள் வாங்கி, அளவு பார்த்து வெட்டி, இரண்டு விளக்குக்கும் சுருக்கம் விழாமல் ஒட்டினார். இனி எந்தக் கெடாவாலும் அந்த விளக்குகளுக்கு ஒரு கெடுதலும் செய்ய முடியாது. செய்வதற்கு மிச்சமும் இல்லை.

இராத்திரி சாப்பிடும்போது மும்தாஜ் சொன்னாள்: "நாளைக்கு உம்மா கேப்பாக. நா பதில் சொல்லிக்கிடுதேன். ஆனா எல்லாரும் ஒங்களப் பாத்துச் சிரிப்பாகல்லா, அதத்தான் என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது."

சேக் முகம்மதுவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கெடாவிடம் தானே போய் முட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை ஹசன் அலியின் மனைவி நஃபீஸத் வந்தாள். அந்தக் காரிலேயே திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போய் அவனை அழைத்து வருவதாகத் திட்டம். சேக் முகம்மது காரை மூக்கு சுவரில் முட்டும்படி நிறுத்தியிருந்தார். அவள் காரை வெளியே எடுக்கச் சொல்லி, நேராக முன்பக்கம் போய், இடது விளக்கின் முன் உட்கார்ந்தாள்.

"என்ன காக்கா இது?" என்றாள். அவளுக்குச் சேக் முகம்மது அண்ணன் முறை.

தப்பிக்க வழியில்லை. சேக் முகம்மது கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்: கெடா, விரிசல், பசை, உப்புத்தாள், பற்பசை. "மும்தாஜ் மேல ஒரு தப்பும் இல்லம்மா. எல்லாம் என் கைதான்" என்று முடித்தார். பைக் கண்ணாடிக்குக்கூட அவர் இப்படி ஒத்துக்கொண்டதில்லை. மும்தாஜ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நஃபீஸத் விளக்கின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். சர்ரென்று ஒரு சத்தம். சேக் முகம்மது ஒட்டிய தாள், பாலீஷ், கொசு, பற்பசை, பசை, அந்த விரிசல், எல்லாம் ஒரே தகடாகக் கழன்று அவள் கையோடு வந்தது. அடியில் விளக்கு பெட்டியிலிருந்து எடுத்தாற்போல் பளபளத்தது.

"கடையில ஒட்டிக் குடுத்த பிளாஸ்டிக் தாளு காக்கா. இந்தக் கொட்டகைச் சூட்டுல அப்பளமாட்டம் காஞ்சு போயி, கெடா முட்டவும் வெடிச்சிருக்கு. விளக்குக்கு ஒண்ணும் ஆவல. இதப் பிக்கிறதுதான் பாக்கி வேலன்னு அவுக சொல்லி விட்டாக."

சேக் முகம்மதுவுக்கு உயிர் வந்தது. அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். கெடாவை மன்னித்தார். மும்தாஜின் முகத்தில் ஐந்து நாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. எட்டு மாதமாக எதிரே இருந்த பிளாஸ்டிக் தன் கண்ணுக்குத் தப்பிப் போனதைப் பற்றிப் பிறகு வெட்கப்பட்டுக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, வலது பக்கத்துக்கு ஓடினார். தான் ஒட்டிய தாளைக் கிழித்து எறிந்தார். அடியில் இருந்த மூன்று நதிகளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார். நகம் ஏறவில்லை. மேலே தடவினார், கீழே தடவினார், மறுபடியும் மேலே வந்தார்.

தகட்டைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வந்த நஃபீஸத் அவரைப் பார்த்து நின்றாள்.

"அங்கன என்னத்தத் தேடுதிய காக்கா? வலது பக்கத்துத் தாள அவுக துபாய்க்குப் போற அன்னைக்கே உரிச்சிட்டாக. இடது பக்கத்துக்குத்தான் நேரமில்லாமப் போச்சு."