தொந்தரவு ஏதுமில்லை என்று எழுதுகிறவர்

'தொந்தரவு ஏதுமில்லை' ஆசாமிகள் என்று ஒரு கூட்டம் உண்டு. புது மாத்திரையை ஊராருக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிகளில் இவர்களைச் சுலபமாகக் காணலாம். மாத்திரையால் யாருக்கு என்ன கெடுதல் வந்தது என்று கேட்டு எழுதுவது இவர்கள் வேலை. ஒரு கெடுதலும் வராமல் பார்த்துக்கொள்வது இவர்கள் திறமை. உடம்பில் அல்ல ஐயா, நோட்டில்!

அப்படி ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று அவருக்குத்தான் சவரம் செய்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் முதல் பஸ் பிடித்து, வெள்ளிமலையில் இறங்கி, புதிய ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடும் இருபது பேரையும் மதியச் சாப்பாட்டுக்குள் பார்த்து முடித்துவிடுவேன். வாசலில் நின்றபடியே, பேனாவைத் திறந்துகொண்டே, தலையையும் நானே ஆட்டிக்கொண்டு கேட்பேன்: "நல்லாத்தானே இருக்கீங்க?" இப்படிக் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? மீறி ஒருவர் மயக்கம் என்றால், அது வெயில். வாந்தி என்றால், நேற்றுத் தின்ற கிழங்கு. ஆளே வரவில்லையென்றால், கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். மாத்திரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இவ்வளவு சுத்தமான நோட்டைக் கண்டதில்லை என்று கம்பெனிக்காரர்கள் பாராட்டினார்கள். நானும் கூச்சமில்லாமல் பூரித்துப்போனேன்.

அந்த இருபது பேரில் ஒருவரான ஜெயம்மாள் மரவள்ளிக் காட்டில் விழுந்து, நெற்றியில் நாலு தையலோடு வந்து நின்றார். 'கல் தடுக்கியது' என்று எழுதினேன். கல்லை நான் பார்க்கவில்லை. இன்னும் ஒரு மாத மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் டாக்டர் மெஹ்ராஜ் பேகம் மேற்பார்வைக்கு என்னோடு மலையேறினார். ஜெயம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, பேனாவைத் தொடாமல் கேட்டார்.

"காலையில எழுந்ததும் சட்டுன்னு நிக்க முடியுதாம்மா?"

"எங்க டாக்டரம்மா! செவுத்தப் புடிச்சிக்கினுதான் நிக்கறேன். கண்ணு இருட்டிக்கினு வருது. அன்னிக்கும் அப்பிடித்தான் வுழுந்துட்டேன்."

"எத்தனை நாளா?"

"இந்த மாத்திர ஆரம்பிச்சதிலேர்ந்து."

"இவர்கிட்ட ஏம்மா சொல்லல?"

ஜெயம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாவம், சாரு அம்மாந்தூரம் மலையேறி வராரு. நல்லாத்தானே இருக்கீங்கன்னு கேக்கறவரு மொகத்துக்கு நேரா இல்லன்னு சொல்ல மனசு வர்லங்க."

என் மனம் கோணக்கூடாது என்று ஒரு அம்மாள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்! எனக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தியாக இருந்தது. டாக்டர் அந்த மாத்திரையை அங்கேயே நிறுத்தினார். பிறகு வீடு வீடாக உட்கார்ந்து கேட்டதில், இருபதில் ஒன்பது பேர் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார்கள் என்று தெரிந்தது. கேரளாவுக்குப் போனதாக நான் எழுதியிருந்த மாயவன், எழுந்து உட்கார முடியாமல் தன் வீட்டிலேயே படுத்திருந்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் அம்மா போனில், "கொஞ்சம் கிறுகிறுன்னு வருதுப்பா" என்றபோது, "வயசாச்சில்லம்மா" என்று காரணத்தையும் நீங்களே சொல்லி வைத்துவிட்டீர்களே, எத்தனை நாளாக என்று கேட்டீர்களா?