மூன்றாவது மாடியில் இயலாமை

உலகத்தில் எந்த மருத்துவமனையாலும் முடியாத ஒன்றை 'இயலாதோர் உதவி அலுவலகம்' நாள் தவறாமல் செய்து வருகிறது. நோயாளியாக உள்ளே போகிறவரை, ஊசி மருந்து எதுவும் இல்லாமல், நாலு கேள்வியும் ஒரு முத்திரையும் கொண்டே ஆரோக்கியசாலியாக்கி வெளியே அனுப்பிவிடுகிறது. இந்த மகத்தான சேவையை நாடித்தான் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலையில் அங்கே போய்ச் சேர்ந்தார்.

பத்தொன்பது வருடம் லிஃப்ட் குழிகளில் குனிந்தும் தொங்கியும் உழைத்த இடுப்பு அவருடையது. இரண்டு வருடமாக அது அவர் பேச்சைக் கேட்பதில்லை. வலியால் தூக்கம் போயிற்று. தூக்கம் போனதும் மனசும் விட்டுப்போயிற்று. எட்டு மாதமாக, சவரம் செய்யவும் சாப்பிடவும்கூட யாராவது சொல்ல வேண்டியிருந்தது. கம்பெனியோ, 'மாதக் கடைசிக்குள் இயலாமைச் சான்றிதழ். தவறினால் மறுபடி பணிக்கு' என்று அன்பொழுக எழுதியிருந்தது. இந்த உடம்போடு குழிக்குள் இறங்கினால் மனுஷன் திரும்பி ஏற மாட்டார் என்று மனைவிக்கு நன்றாகத் தெரியும்.

அலுவலகம் மூன்றாவது மாடியில். கீழே லிஃப்ட் வாசலில் 'பழுது' என்ற அறிவிப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

"படியில போங்க," என்றார் காவலாளி.

"படி ஏற முடியாதவங்களுக்குத்தானே இந்த ஆபீஸே?" என்றாள் மனைவி.

"அதை மேல போய்க் கேளுங்கம்மா."

அதற்குள் மெக்கானிக் கதவிடுக்கில் கண்ணை வைத்திருந்தார்.

"உள்ள லைட் எரியுதே! எத்தனை நாளா இப்படி நிக்குது?"

"பதினோரு வருஷமா."

இங்கேதான் அவர் அந்த மன்னிக்க முடியாத தவறைச் செய்தார். சாவிக்கொத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த லிஃப்ட் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

"ஐயோ, வந்த வேலையைப் பாருங்க!"

"கதவுக்கு மேல இருக்கற கான்டாக்ட்ல அழுக்கு, அவ்வளவுதான். கதவு மூடியிருக்கறது அதுக்குத் தெரியல, பாவம்."

கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, மனைவியின் கைக்குட்டையால் தேய்தேயென்று தேய்த்தார். வலியில் சட்டை நனைந்துவிட்டது. கதவை மூடிப் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் ஒரு முறை செருமிவிட்டுக் கிளம்பியது. அவர் முகத்தில் எட்டு மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பைப் பார்த்ததும் மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது.

மேலே 'மதிப்பீட்டு அதிகாரி' மிகுந்த கனிவோடு வரவேற்றார்.

"எப்படி வந்தீங்க?"

"லிஃப்ட்லதான் சார்."

"அது ஓடாதே!"

"இப்ப ஓடுது சார்," என்று நடந்ததைச் சொன்னார்.

அதிகாரி ஆனந்தமாகப் பேனாவைத் திறந்தார். "கையை எவ்வளவு நேரம் தூக்கி வச்சிருந்தீங்க?"

"பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் இறக்கறதுக்குள்ள உயிரே போயிடுச்சு சார்."

"தூக்கினதை மட்டும் சொல்லுங்க. இறக்கறதுக்குப் படிவத்துல இடமில்ல. சரி, மனச்சோர்வுன்னு போட்டிருக்கீங்க. கடைசியா எப்ப சந்தோஷமா இருந்தீங்க?"

மனைவி அவர் காலை மிதித்தாள். மெக்கானிக்கோ பொய் சொல்லிப் பழகாத ஜென்மம்.

"இப்பத்தான் சார். கீழ, அது கிளம்பினப்போ."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: 'மனச்சோர்வு நீங்கியது. காலை 10.40.'

அன்று வீடு திரும்பிப் படுத்தவர், பன்னிரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் கடிதம் வந்தது. மனைவி கட்டிலருகில் உட்கார்ந்து படித்தாள்.

'விண்ணப்பதாரர் தம் தொழிலைத் திறம்படச் செய்யக்கூடியவர் என்பதை இவ்வலுவலகம் ஏறி இறங்கி அறிந்துகொண்டது. அன்னாரின் கைத்திறனுக்குத் தலைவணங்கி, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

"பரவாயில்லையே, பாராட்டியிருக்காங்க," என்றார் மெக்கானிக், சுவரைப் பார்த்தபடியே.

"இன்னும் இருக்கு," என்றாள்.

'எனினும், தாங்கள் சரிசெய்த லிஃப்டின் பழுதானது இவ்வலுவலக மதிப்பீட்டு முறையின் முதற்கட்டமாகும். கடந்த பதினோரு ஆண்டுகளில் மேலே வந்து சேர்ந்த அனைவரும் படியேறியே வந்தமையால், இயலாதவர் என ஒருவர்கூடக் கண்டறியப்படவில்லை. லிஃப்ட் ஓடிய ஒன்பது நாட்களில் மட்டும் நூற்றுப் பதினேழு பேர் கண்டறியப்பட்டுவிட்டனர். லிஃப்ட் உடனடியாகப் பழையபடி பழுதாக்கப்பட்டது. நாட்டில் திடீரென இத்தனை பேர் இயலாதவர்களாகிப் போனதற்குத் தாங்களே முழுப் பொறுப்பு.'