நீருக்கு எண்பது, எண்ணெய்க்கு இரண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, சாந்தா கிளாராவிலிருந்து எவேலியோ கர்ராசானா பணிவன்புடன் எழுதுவது. தாங்கள் நலமென்றும், ஹவானாவில் மின்விசிறியாவது சுற்றுகிறதென்றும் நம்புகிறேன்.

நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிக்குள் மின்னூட்டம் இருந்தால் துளியின் விளிம்பில் மின்னழுத்தம் எவ்வளவு என்று நான் எழுதிய கட்டுரைக்கு, "விடை பாதிதான் வருகிறது, இரு மடங்கு இருக்க வேண்டும்" என்று தங்கள் மதிப்பீட்டாளர் குறிப்பு எழுதியிருக்கிறார். அவர் கண்ணில் பூ விழுந்திருக்கிறது, ஆளை மாற்றுங்கள். வியாழனுக்குள் பதில் வராவிட்டால் கட்டுரை தள்ளுபடி; ஐம்பத்திரண்டு வயதில் நான் வாங்கவிருக்கும் முனைவர் பட்டமும் அதோடு போச்சு. கணினியில் மறுபடி கணக்கிடலாமென்றால் நான்கு நாளாகக் கரண்ட் இல்லை. சிரிக்காதீர்கள்.

சரி, மனிதர்களை வைத்தே போட்டுவிடுவோமென்று குடியிருப்பு முற்றத்தில் தரைக்கல்லுக்கு ஓர் ஆளாக அக்கம்பக்கத்தாரை உட்கார வைத்தேன். நடுவில் மின்னூட்டம், கடைசி வரிசை பூச்சியம், மற்றவர்கள் சுற்றியுள்ள நால்வரின் எண்ணைக் கூட்டி நான்கால் வகுத்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், எண்கள் மாறாமல் நிற்கும் வரை. மின்புலத்தை நீர் எண்பது மடங்கும் எண்ணெய் இரண்டு மடங்கும் தணிப்பதால், துளியின் விளிம்பில் இருப்பவர் மட்டும் நீர்ப்பக்கத்துக்கு எண்பது பங்கு, எண்ணெய்ப்பக்கத்துக்கு இரண்டு பங்கு தர வேண்டும். அங்கேதான் முடிதிருத்தும் ஒரெஸ்தெஸ் சண்டைக்குக் கிளம்பினான். "நாட்டை விட்டு வெளியில போனவனுக்கு எம்பது, உள்ள கெடக்கறவனுக்கு ரெண்டா? இங்கயுமாடா எவேலியோ?" முற்றமே சிரித்து, ஆளாளுக்கு எண்ணை மறந்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, மதியத்துக்குள் நான் எழுதிய அதே விடை அழகாக வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் போனவர்கள், ரேஷன் கடைக்குக் கோழி வந்து வரிசை நிற்கிறதென்று நினைத்து, "வரிசையில கடைசி ஆளு யாருப்பா?" என்று கேட்டபடி நாலு பக்கமும் உட்கார்ந்துவிட்டார்கள். என் மனைவி மிக்தாலியா அவர்களை விரட்டாமல் கணக்கையும் சொல்லிக்கொடுத்துவிட்டாள். கடைசி வரிசையின் பூச்சியம் தெருவரைக்கும் ஓடிவிட்டது, விளிம்பில் என் எண் ஏறி ஏறி இரு மடங்காகி நின்றது. நாசமாய்ப் போக! மூன்று வருட உழைப்பு, ஐயா.

ஆகவே ஒரு மாத அவகாசம் தந்து என்னைக் காப்பாற்றுங்கள். தங்கள் குடும்பமும் இதழும் நீடூழி வாழட்டும்.

பணிவுடன்,
எவேலியோ கர்ராசானா

பி.கு.: உறை ஒட்டப்போன மிக்தாலியா கடிதத்தைப் படித்துவிட்டாள். "அந்த ஆளு கேட்டதும் ரெண்டு மடங்குதானே? பூச்சியத்தைக் கிட்டக்க வெச்சு நீதான் அமுக்கியிருக்க. கண்ணுல பூ விழுந்தது உனக்குத்தான்" என்றாள். முறைத்துக்கொண்டே பென்சிலை எடுத்தேன். தாளில் போட்டுப் பார்த்தேன்; அவள் சொன்னதுதான் சரி. மதிப்பீட்டாளரை மாற்ற வேண்டாம், அவகாசமும் வேண்டாம். நாளைக் காலை பஸ்ஸில் வருபவர் கையில் திருத்திய கட்டுரையைக் கொடுத்தனுப்புகிறேன். எழுதியவர்கள் என்ற இடத்தில் முதல் பெயர் மிக்தாலியா. அதை மட்டும் திருத்திவிடாதீர்கள்.