பேர் வெட்டிய தட்டு

தட்டு என்றால் என்னவென்று இந்த உலகத்தில் சரியாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் மெஸ் நடத்துகிறார். மற்றவர்கள் எல்லாம் எதிலோ சாப்பிட்டு எப்படியோ உயிர் வாழ்கிறோம். இது என் கருத்து இல்லை, அவருடைய கருத்து. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கும். எங்களுக்கு அவர் தட்டு அண்ணாச்சி.

நான் எட்டாம் வகுப்போடு கிளம்பியவன். திருப்பூரில் சாயப்பட்டறை, கொல்லத்தில் படகு, பெங்களூரில் கட்டட வேலை என்று எங்கெங்கோ கிடந்துவிட்டு, சாரல் தொடங்கினால் குற்றாலம் வந்து, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். சில நாள் தேய்க்க உடம்பு கிடைக்கும். சில நாள் கிடைக்காது. கிடைக்காத நாளிலும் அண்ணாச்சி மெஸ்ஸில் சோறு உண்டு. ஆனால் சோற்றுக்கு முன்னால் பாடம் உண்டு.

"தட்டுன்னா விளிம்பு வேணும்லே. ரசம் ஊத்துனா மடியில எறங்கக் கூடாது. விளிம்பு இல்லாதது தட்டு இல்ல, தகரம்."

காரில் வந்து இறங்கியவர் "ஒரு பிளேட் இட்லி" என்று கேட்டால் முடிந்தது. "பிளேட்டு விக்கதில்ல சார். இட்லி எத்தனைன்னு சொல்லுங்க" என்பார். காகிதத் தட்டு கேட்டால், "அதுக்குப் பேரு அட்டை. தபால்காரர்கிட்ட கேளுங்க" என்பார். ஒருமுறை பாத்திரக் கடைக்காரர் குழி குழியாகத் தடுத்த தட்டு ஒன்றைக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினார். அண்ணாச்சி அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஹால் எது, அடுப்படி எது? வாடகைக்கு விடுதீராவே?"

அவர் மனைவியை நாங்கள் மதினி என்போம். மதினி அவசரத்துக்கு சாம்பார்ச் சட்டியைத் தட்டால் மூடிவிடுவார். அண்ணாச்சி எங்கிருந்தாலும் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டுவிடும். "மூடின்னு ஒண்ணு எதுக்குட்டி கண்டுபிடிச்சான்?" என்று ஓடிவருவார். மதினி அசரமாட்டார். "இரும், ஒம்ம வாய்க்கும் ஒண்ணு வாங்கிப் போடுதேன்."

அண்ணாச்சியின் பெரிய கொள்கை, ஒருவர் தட்டில் இன்னொருவர் சாப்பிடக் கூடாது என்பது. வந்து போகிறவர்களுக்கு இலை. சீசன் முழுக்கச் சாப்பிடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு. தென்காசிக்குப் போய், விளிம்பில் அவரவர் பேரை வெட்டி வாங்கி வருவார். "எலை விருந்தாளிக்கு, தட்டு வீட்டாளுக்கு" என்பார்.

என் தட்டைப் போன சீசனில் வெள்ளம் கொண்டுபோயிற்று. அருவிக்கரையிலேயே சாப்பிட்டுக் கழுவி வைத்திருந்தேன். திடீரென்று தண்ணீர் பெருகியது. எல்லோரும் ஓடித் தப்பித்தோம். மூச்சிரைக்க மெஸ்ஸுக்கு வந்து நின்ற என்னைப் பார்த்து அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி, "தட்டு எங்கலே?" மிச்ச சீசனுக்கும் எனக்கு இலைதான். பக்கத்தில் எல்லோரும் தட்டில் சாப்பிட, நான் மட்டும் சம்பந்தி வீட்டு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஆனி மாதம் நான் பையோடு வந்து இறங்கிய காலையில் மெஸ் முன்னால் பந்தல் போட்டிருந்தது. அண்ணாச்சியின் ஒரே மகள் செல்விக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஆய்க்குடிப் பையன், ராணுவத்தில் இருக்கிறான். இதற்கு முன் இரண்டு இடம் பேசிக் கலைந்திருந்தது. இதுவும் கலைந்தால் இனி மாப்பிள்ளை தேட மாட்டேன் என்று மதினி சொல்லியிருந்தார். அந்தக் கவலையிலும் அண்ணாச்சி, "எப்ப தட்டு மாத்துதிய?" என்று கேட்டவர்களை விடவில்லை. "தாம்பாளம்னு சொல்லும்வே. தட்டை எதுக்கு மாத்தணும்?"

மாப்பிள்ளை வீட்டார் வேன் வந்து நின்ற நேரத்தில்தான் மதினி தாம்பாளங்களை எண்ணினார். இரட்டைப்படை. நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படைதான் ஆகும். மதினி பரணில் ஏறி, புதிதாக மின்னிய பெரிய தட்டு ஒன்றை இறக்கினார். வெற்றிலையும் ஆப்பிளும் அடுக்கி, பையைக்கூட இறக்காத என் கையில் தந்தார். "கொண்டு வை. ஒங்க அண்ணாச்சி கண்ணுல காட்டாத."

கொண்டுபோய் வைத்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சரிந்த வெற்றிலையை எடுத்து அடுக்கப் போனவர் விளிம்பில் எழுத்தைப் பார்த்துவிட்டார். ஆப்பிளை நகர்த்தினார். கண்ணாடியை மாட்டினார். சத்தமாகப் படித்தார்.

"மாடசாமி."

பந்தலைச் சுற்றிப் பார்த்தார்.

"யாருவே மாடசாமி? பொண்ணு வீட்டுத் தட்டுல எவன் பேரு வெட்டியிருக்கு?"

செல்வி முகம் வெளுத்துவிட்டது. நான் கையைத் தூக்கினேன். எண்ணெய்க் கறை கைலி, ஒரு வாரத் தாடி.

"நான்தாங்க."

"பொண்ணுக்கு நீ என்ன முறை?"

"முறை ஒண்ணும் இல்லீங்க. இங்கன சாப்பிடுத ஆளு."

காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா எழுந்தே விட்டார். "அப்ப இது எச்சித் தட்டா? நல்ல காரியத்துக்கு எச்சித் தட்டா வைக்காவ? எந்திரிங்க, போவோம்."

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். இப்போது அவர் விளிம்பைப் பற்றிப் பேசத் தொடங்குவார், சம்பந்தம் முறியும் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"எச்சி இல்லம்மா. இதுல இன்னும் ஒரு பருக்க விழல. இந்தப் பயலோட தட்டு போன வருசம் வெள்ளத்துல போச்சு. அவனும் போயிருக்கணும், தப்பிச்சு வந்தான். சீசன் முடிஞ்ச பெறவு எங்க போனான்னு தெரியாது. சாரல் விழுந்தா வருவான்னு பங்குனியிலயே பேரு வெட்டி வாங்கி வச்சேன்."

போலீஸ்காரர் தட்டை மறுபடி பார்த்தார். "ஆளு வருமுன்னேவா?"

"ஆமா."

"வராமப் போயிருந்தா?"

அண்ணாச்சி குனிந்து, நகர்த்திய ஆப்பிளை எடுத்து மறுபடி பேரின் மேலேயே வைத்தார். 

மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். "எவனோ ஊர்சுத்திப் பயலுக்கு, அவன் வருமுன்னே தட்டு வாங்கி வைக்குத வீடு. இங்கன பொண்ணு எடுக்காம வேற எங்கன போயி எடுக்கப் போறிய? உக்காரு மைனி. தட்டை மாத்துங்க."

தாம்பாளம் என்று அண்ணாச்சி திருத்தவில்லை. மாற்றினார்கள். வழக்கப்படி என் தட்டு மாப்பிள்ளை வீட்டாரோடு ஆய்க்குடிக்குப் போய்விட்டது.

பந்தி முடிந்து கடைசியாக நான் உட்கார்ந்தேன். அண்ணாச்சியே வந்து இலையைப் போட்டார். "ரெண்டு தட்ட முழுங்கிட்டேலே நீ" என்றார். நான் கேட்காமலேயே பாயசத்தை இரண்டு முறை ஊற்றிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளைக்குத் தையில்தான் லீவு, கல்யாணமும் அப்போதுதான். அதுவரை மெஸ்ஸில் தட்டுக் கழுவுகிறேன். நான் கழுவியதை அண்ணாச்சி மறுபடி கழுவுகிறார். கல்யாணத்துக்குப் பரிமாற ஆள் வேண்டும், இரு என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. சாரல் நின்று வெகு நாளாகிவிட்டது. நான் இன்னும் கிளம்பவில்லை.