கோழிக்கூடு கழுவிய ஞாயிற்றுக்கிழமை

வத்தேகம,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய திரு. இன்னாசிமுத்து அவர்களுக்கு,

ஷாமலாவின் தகப்பன் சுவக்கின் பணிவுடன் எழுதிக்கொள்வது. தேவமாதாவின் வேண்டுதலால் இங்கே மனிதர்கள் எல்லாரும் சுகம். கோழிகளைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். கட்டுகஸ்தோட்டையில் தாங்களும், தங்கள் வீட்டு அம்மா அனற் அவர்களும், தங்கள் மகன் தம்பி ஷேனும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். முதலில் 'அன்புள்ள சம்பந்தி' என்றுதான் எழுதினேன். பிறகு எனக்கு அந்த உரிமை இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் வெட்டிவிட்டு 'திரு.' போட்டேன். வெட்டிய இடம் பார்வைக்குத் தெரியும், மன்னிக்கவும்.

போன் எடுத்துப் பேசியிருக்கலாம். நான்கு தரம் எடுத்தேன். மணி அடிக்கத் தொடங்கியதும் நாக்கு உலர்ந்து நானே வைத்துவிட்டேன். முப்பத்துநான்கு வருடம் தபால் கந்தோரில் இருந்தவன் என்பதால் எனக்கு வாயைவிடக் கடிதத்தில்தான் நம்பிக்கை.

ஐயா, என் மனைவி மதலேனா பத்தொன்பது கோழிகள் வளர்த்து வந்தாள். நீங்கள் பெண் பார்க்க வருவதாக இருந்த ஞாயிற்றுக்கு முந்தின திங்கட்கிழமை, ஒரு பெட்டைக்கோழி கழுத்தை முதுகுப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தபடி நின்றது. நான் அதை ஏதோ பறவை பார்க்கிறது என்று நினைத்தேன். மறுநாள் காலை அது செத்துக் கிடந்தது. கூடவே இன்னும் மூன்று. புதனன்று ஆறு. ஒவ்வொரு தடவையும் கூட்டைத் திறக்கும்போது, முதல் நாள் மாலை வரை இரை தின்றது விறைத்துக் கிடக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு பத்தொன்பதும் முடிந்தன. இப்படி ஒரு வாரத்துக்குள் ஒரு வளவே ஊமையாகிப் போகும் என்று நான் கனவிலும் எண்ணவில்லை. மதலேனா அழவில்லை. ஆனால் சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு எழும்பி, வழக்கம்போல் தவிட்டைத் தண்ணீர்விட்டுக் கலக்கிவிட்டு, கலக்கிய கையோடு குசினி வாசலில் அப்படியே நின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கூட்டை என் கையாலேயே சுத்தம் செய்து கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

மிருக வைத்தியர் ரிப்கா என்று ஒரு பிள்ளை, ஷாமலாவின் வயதுதான் இருக்கும், வெள்ளிக்கிழமையே வந்து பார்த்து, இது காற்றிலும் காலிலும் கையிலும் உடுப்பிலும் பரவுகிற தொற்று நோய் என்று சொல்லி, செத்தவற்றை ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வைத்து, கிருமிநாசினிப் போத்தல் ஒன்றும் தந்துவிட்டுப் போனார். செய்ய வேண்டியதை எல்லாம் வரிசையாகச் சொன்னார். எனக்குப் போத்தல் மட்டும்தான் ஞாபகம் நின்றது. அடுத்த வீட்டு லெட்சுமணன் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். அவருடைய முதுகில் மாட்டும் டேங்கியை இரவல் வாங்கி, சனிக்கிழமை முழுக்கப் போத்தலில் இருந்ததில் பாதியைக் கூட்டுக்குள் மழைபோல அடித்து, வேலை முடிந்தது என்று குளித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன். மாலையில் அந்த வழியாகப் போன டொக்டர் எட்டிப் பார்த்தார். 

"ஐயா, அழுக்குக்கு மேல அடிச்சிருக்கீங்க. அழுக்கு இருக்கிற எடத்துல மருந்து வேல செய்யாது. மொதல்ல சுரண்டணும், சவுக்காரம் போட்டுக் கழுவணும், நல்லாக் காயணும். மருந்து கடைசியிலதான்."

அதோடு விட்டாரா? படலைக்குப் பக்கத்தில் ஒரு பேசனில் மருந்துத் தண்ணீர் வைக்க வேண்டும், வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதில் காலை நனைக்க வேண்டும், ஒரு மாதத்துக்குப் புதுக் கோழி ஒன்றுகூட இந்த வளவுக்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் அதுவும் சாகும், அது வேறு வீட்டுக்குப் போனால் அங்கே இருப்பவையும் சாகும் என்று ஒரே மூச்சில் சொன்னார். நான் பயந்துபோய் மதலேனாவிடம், பெண் பார்க்கும் நாளை ஒரு கிழமை தள்ளிப் போடுவோமா என்று கேட்டேன். நாளை மாற்றினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அவள் கேட்டாள். நீங்கள் நான்கு மணிக்குத்தானே வருவதாக இருந்தீர்கள். பன்னிரண்டு மணிக்குள் முடித்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கலாம் என்று நான் கணக்குப் பண்ணினேன்.

ஆகவே ஞாயிறு விடிந்ததும் எச்சத்தைச் சுரண்டினேன், மரத்தூளை அள்ளி எரித்தேன், தண்ணீர்த் தட்டுகளைத் தேய்த்தேன், சுவரைச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். வெயில் நல்ல வெயிலாக இருந்ததால் சீக்கிரமே காய்ந்தது. பதினொன்றரைக்கு டேங்கியை முதுகில் மாட்டினேன். அப்போது என் கோலம் இதுதான்: ஷாமலாவின் ஊதா நிற மழைக்கோட்டு, அது எனக்கு இடுப்போடு நின்றது. கால்களில் பாண் வாங்கிய பொலித்தீன் பைகள், இறப்பர் நாடாவால் கட்டியது. முகத்தில் மதலேனாவின் பழைய சீலைத் துண்டு, கண் மட்டும் வெளியே. அந்த நேரத்தில்தான் உங்கள் வேன் வந்து நின்றது. பூசை முடிந்த கையோடு வந்துவிடுவீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதலில் இறங்கியது அனற் அம்மாதான். கூட்டுக்குள் நின்ற என்னைப் பார்த்து, "தம்பி, வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டார். இங்கேதான் ஐயா நான் செய்யக் கூடாததைச் செய்தேன். இந்தக் கோலத்தில் என்னை மகளின் தகப்பன் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"இல்லீங்கம்மா, கண்டிக்குப் போயிருக்காரு."

சொல்லி வாய் மூடவில்லை, மதலேனா வெளியே வந்து, "வாங்க வாங்க" என்று கும்பிட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "என்னாங்க, அந்த டேங்கிய எறக்கி வச்சிட்டு வாங்க, மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்திட்டாங்க" என்றாள். அனற் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. நான் மன்னிப்புக் கேட்க வெளியே வந்தேன். அப்போதுதான் உங்களைக் கண்டேன். சாம்பல் நிறக் கோட்டு சூட்டு. சிரித்த முகம். கையில் ஒரு கூடை. கூடைக்குள்ளிருந்து இரண்டு நாட்டுக்கோழிகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன.

ஐயா, நீங்கள் உங்கள் வீட்டில் வளர்த்த நல்ல ஜாதிக் கோழிகளை ஆசையோடு கொண்டுவந்தீர்கள் என்று பிறகு அறிந்தேன். ஆனால் அந்த நிமிடம் எனக்கு டொக்டரின் குரல் மட்டும்தான் காதில் கேட்டது.  வெள்ளிக்கிழமை நான் புதைத்த பத்தொன்பதும் கண் முன்னால் வந்தன. "அங்கயே நில்லுங்க! உள்ள வராதீங்க! திரும்பிப் போயிருங்க!" என்று கத்தினேன். வத்தேகமச் சந்தை வரை கேட்டிருக்கும் என்று லெட்சுமணன் சொல்கிறார். ஆனால் நான் சத்தியமாகச் சொல்கிறேன், அது உங்களைச் சொன்னதில்லை. உங்கள் கோழிகளைச் சொன்னது.

நீங்கள் திடுக்கிட்டுக் கூடையை விட்டீர்கள். கோழிகள் இரண்டும் நேரே, நான் விடிந்ததிலிருந்து கழுவிய கூட்டுக்குள்ளேயே ஓடின. பிடிப்பதற்காகத் திரும்பினேன். பொலித்தீன் பை வழுக்கியது. விழாமல் இருக்கக் கையில் அகப்பட்டதை இறுக்கிப் பிடித்தேன். அகப்பட்டது டேங்கியின் பிடி. மருந்து உங்கள் இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை ஒரே கோடாகப் போனது. குருவானவருடைய தோள்பட்டி போல ஒரு வெள்ளைக் கோடு அந்தச் சூட்டில் விழுந்ததை நானும் கண்டேன், வேனில் இருந்த எல்லாரும் கண்டார்கள்.  நீங்கள் திரும்பி நடந்தீர்கள். அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் உங்கள் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு கிருமி கட்டுகஸ்தோட்டைக்குப் போய், உங்கள் வீட்டில் மிச்சம் இருக்கும் கோழிகளும் செத்தால் அந்தப் பாவமும் என் தலையில் என்று பயந்து, பின்னாலேயே ஓடி வந்து, "ஐயா, கால பேசனுக்குள்ள வச்சிட்டுப் போங்க" என்று சொன்னேன். நீங்கள் வைத்தீர்கள். இரண்டு காலையும் வைத்தீர்கள். அந்தப் பெருந்தன்மையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். உள்ளே ஷாமலா ஊற்றி வைத்த தேத்தண்ணி பதினொரு கோப்பையும் ஆறிப் போனது.

நாங்கள் கோழியைப் பறித்துக்கொண்டு தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் துரத்திவிட்டோம் என்று கண்டியில் பேச்சு அடிபடுவதாகக் கேள்வி. உங்கள் கோழிகள் பத்திரமாக இருக்கின்றன. தனியே அடைத்துக் கவனிக்கச் சொல்லி டொக்டர் உத்தரவிட்டதால் எங்கள் குளியலறையில் இருக்கின்றன. நாங்கள் மூன்று பேரும் லெட்சுமணன் வீட்டில் குளிக்கிறோம். இன்றோடு ஒன்பது நாள், இரண்டும் நன்றாக இரை தின்கின்றன. வேறு வீட்டுக்கு அனுப்பக் கூடாதென்பதால்தான் திருப்பித் தரவில்லை.

ஐயா, தப்பு முழுவதும் என்னுடையது. பொய் சொன்னதும் நான், கத்தியதும் நான், மருந்தடித்ததும் நான். என் பிள்ளைக்கு அதில் பங்கில்லை. அவள் உங்கள் மகன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்று நான் எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் என்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. கலியாணத்தன்று கோயிலுக்கு வெளியே நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன். இந்தச் சம்பந்தத்தை மட்டும் முறித்துவிட வேண்டாம் என்று இரு கை கூப்பிக் கேட்கிறேன்.

உங்கள் வீட்டிலும் வளவிலும் எந்த நோயும் எட்டிப் பார்க்காதிருக்க, புனித அந்தோனியாரிடம் மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கும்,

தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்திருக்கும்,
ம. சுவக்கின்.

பின்குறிப்பு: முத்திரை ஒட்டிய பிறகு மதலேனா இதை வாங்கி வாசித்தாள். வாசித்து முடித்து, கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீங்கள் திரும்பிப் போன அன்று மாலையே அனற் அம்மா அவளுக்குப் போன் எடுத்தாராம். அன்றிலிருந்து இருவரும் தினமும் பேசுகிறார்களாம். கலியாணம் தை மாதக் கடைசியில், மண்டபமும் பார்த்தாகிவிட்டதாம். ஷாமலா கதவைச் சாத்திக்கொள்வது தம்பியோடு பேசவாம். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கூட்டக் கழுவி முடிக்கட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தோம்" என்கிறாள். உங்களுக்கும் இன்னும் சொல்லவில்லையாம், கோட்டு நனைந்த கோபம் தணியட்டும் என்று. ஆகவே நீங்கள் ஒன்றும் தெரியாதவர் போலவே இருந்துகொள்ளவும். போன ஞாயிறு பூசையில் கலியாண அறிவிப்பின் முதல் ஓலையும் இரண்டு கோயில்களிலும் வாசித்தாகிவிட்டது. இங்கே வாசித்தபோது நான் பூசைக்குப் போகாமல் கூட்டுக்கு இரண்டாம் முறை மருந்தடித்துக்கொண்டிருந்தேன். அங்கே வாசித்தபோது நீங்கள் முன் வரிசையில்தான் இருந்தீர்களாம். கண்ணை மூடி ஆழ்ந்த செபத்தில் இருந்ததாக அனற் அம்மா சொன்னாராம்.