ஒருசொட்டரும் எங்கள் சிவப்பியின் காதும்

உரும்பிராயில் தன் இரத்த வகை தெரியாத மனிதர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் ஒருசொட்டர் இரத்தம் எடுத்துப் பார்க்காத மாடு ஒன்றுகூடக் கிடையாது.

எங்கள் பகுதிக்கு வந்த மாட்டு வைத்தியர் அவர். "ஒரு சொட்டுத்தான் அம்மா, ஒரேயொரு சொட்டு" என்று கெஞ்சிக்கொண்டே படலையைத் திறப்பார். பெற்றோர் வைத்த பெயர் ஊருக்கு அதோடு மறந்துபோயிற்று. மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில், கிருமி பார்க்கும் நுணுக்குக்காட்டியைத் தலையணைகளுக்கு நடுவே கட்டியிருப்பார். அதனால் அவருடைய மனைவி எங்கு போவதென்றாலும் பஸ்ஸில்தான் போவார்.

காது நுனியில் ஊசியால் ஒரு குத்து. வந்த சொட்டைக் கண்ணாடித்துண்டில் இழுத்து, காயவைத்து, சாயம் ஊற்றி நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால் மனிதர் இந்த உலகத்தில் இல்லை. கிருமி அகப்பட்டால் துள்ளுவார். ஒருமுறை பக்கத்து வளவில் நடந்த கல்யாணத்துக்கு வந்தவர்களை மறித்து, வரிசையில் விட்டுக் கிருமி காட்டினார். மாப்பிள்ளையும் வந்து பார்த்துவிட்டுத்தான் தாலி கட்டப் போனார்.

எங்கள் பசு சிவப்பி கன்றுத்தாச்சியாக இருந்தபோது காய்ச்சலில் படுத்துவிட்டது. சிறுநீர் பால் விடாத சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனது. வெயில் சூடு என்று நான் இளநீர் பருக்கினேன். கன்றிலிருந்தே அதை வளர்த்த என் மனைவி மல்லிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. தாயும் வயிற்றுக் கன்றும் ஒன்றாகப் போய்விடுமோ என்று அழுதாள். ஒருசொட்டரைக் கூப்பிட்டோம்.

வந்தார், குத்தினார், கண்ணாடித்துண்டைக் கிணற்றுக்கட்டில் காயவைத்துவிட்டுச் சாயப் போத்தல் எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது மல்லிகா அந்தத் துண்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, தேத்தண்ணியோடு தட்டில் வைத்து நீட்டினாள்.

"ஐயோ அக்கா, இரத்தம் எங்கை?"

"ஊத்தையாக் கிடந்தது டொக்டர். வீட்டுக்கு வந்த ஆளின்ரை சாமானை உப்பிடியே குடுக்கிறது?"

அவர் தலையில் கை வைத்தார். பிறகு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மறுபடி காதைத் தேடிப் போனார். எழும்ப முடியாமல் கிடந்த மாடு, ஊசியைக் கண்டதும் தலையால் ஒரு இடி இடித்தது. சாணத்துக்குள் போய் விழுந்தவர், "நல்ல பெலன் இருக்குது அண்ணை, பிழைக்கும்" என்று சிரித்தார்.

இரண்டாவது துண்டை அவர் கீழே வைக்கவேயில்லை. கையிலேயே பிடித்து விசிறி விசிறிக் காயவைத்தார். மல்லிகா பக்கத்தில் வந்தால் எழும்பி மற்றப் பக்கம் போனார். எங்கள் சாப்பாட்டு மேசையில் நுணுக்குக்காட்டி ஏறியது. சாயம் ஊற்றிய துண்டை அதில் வைத்துக் குனிந்து பார்த்தார்.

"கிடக்குது அண்ணை, கிருமி கிடக்குது. சோடி சோடியா இருக்கினம். உண்ணி கடிச்சு உள்ளுக்கை விட்ட ஆக்கள். எவ்வளவு வடிவு, வந்து பாருங்கோ."

"வடிவு கிடக்கட்டும் டொக்டர். மாடு தப்புமோ?"

"ஆரெண்டு தெரிஞ்சிட்டுதெல்லே. இனி அதுக்கெண்டு உள்ள மருந்தைப் போடுவம்."

ஊசி போட்ட பிறகும் அவர் போகவில்லை. சாணம் காய்ந்த காற்சட்டையோடு பொழுதுபடும்வரை கொட்டிலில் குந்தியிருந்தார். மறுநாள் சிவப்பி புல்லுக்கு வாய் வைத்தது. பிறகு குறையில்லாமல் கன்றும் போட்டது.

நாவூறு பட்டுவிடும் என்று மல்லிகா சொந்தத் தங்கைக்குக்கூட அந்தக் கன்றைக் காட்டவில்லை. ஒருசொட்டர் வந்ததும் அவளே தூக்கிவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்போது அவர் எனக்குக் கூடப்பிறந்த தம்பியாகவே தெரிந்தார்.