ஸ்வீடனுக்குப் பெண் கொடுக்க மறுத்தவர்

என் வாழ்க்கையில் ஒரே ஒருவர்தான் என்னை மாப்பிள்ளையாக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நான் பெண்ணே கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

எண்பத்து மூன்றாம் வருடம். ஸ்வீடனிலிருந்து இங்கிரிட் என்று ஓர் அம்மாள் ஜவ்வாது மலைக்கு வந்திருந்தார். தன் நாட்டுக் கிராமத்து வாழ்க்கையையும் நம் மலை வாழ்க்கையையும் வீடு வீடாக விசாரித்து, யார் நன்றாக வாழ்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் புத்தகம் எழுதப் போகிறாராம். (இதுக்கு இவ்ளோ தூரம் வரணுமா என்றார் ஜீப் டிரைவர்.) மொழிபெயர்க்க நான். மலையில் பிறந்து, வேலூர் ஹாஸ்டலில் வளர்ந்து, பி.ஏ. முடித்து ஒரு வருடமாகச் சும்மா இருந்தவன். மலை வழக்கமெல்லாம் எனக்கு அத்துப்படி என்று அளந்துதான் வேலையைப் பிடித்தேன். முதல் வாரம் ஒழுங்காகப் போனால் இரண்டு வருடம் வேலை நிச்சயம்.

முதல் வீடு சின்னசாமி என்பவருடையது. நான் எந்த ஊர், யார் மகன் என்று கேட்டுக்கொண்டார். பிறகு நான் படிவத்தைப் பிரித்தேன். எத்தனை ஏக்கர்? மாடு எத்தனை? புளியமரம்? தீராத நோய் யாருக்காவது உண்டா? கல்யாணமாகாத பிள்ளைகள்? அவர் தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு, யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். கொல்லையில் கோழி அலறியது. அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பசிதான் தட்டியது.

சாமைச் சோறு, கோழிக் குழம்பு. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். இங்கிரிட் அம்மாள் காரத்தில் கண்ணீர் வழிய ஒரு முறை. கை கழுவியதும் சின்னசாமி எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நெலம், வூடு, பொண்ணு எல்லாம் விசாரிச்சிட்டீங்க. கையும் நனைச்சிட்டீங்க. இனிமே நான் கேக்கலாம் இல்லீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் கேட்டு வருகிறவர்கள் சம்பந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நானோ மூன்று தடவை சம்மதித்திருக்கிறேன்! கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் வேறு. இல்லை என்று சொன்னால் அவருக்கு அவமானம். ஊரில் ஒரு வீடும் எங்களுக்குக் கதவு திறக்காது. என் வேலை அன்றோடு சரி.

"என்ன சொல்கிறார்?" என்றார் இங்கிரிட் அம்மாள்.

"உங்கள் நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமாம்" என்றேன்.

"கல்யாணத்துக்கு அப்புறம் அந்தம்மா உங்கள அவங்க ஊருக்கே கூட்டிம்போய்டுவாங்களா?" என்று என்னிடம் கேட்டார் சின்னசாமி. நான் தலையை எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அங்க வெயில் எப்டி?"

குளிர்காலத்தில் மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் என்றார் அம்மாள். நான் அப்படியே சொன்னேன்.

"மாடு கன்னு?"

பால் கடையில் வாங்குவார்களாம்.

"அவங்கம்மா யார்கூட இருக்கறாங்க?"

தனியாக. இவர் மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பார்.

"பக்கத்து வூட்டுக்காரர் பேரு இன்னா?"

அம்மாள் வெகு நேரம் யோசித்தார். தெரியவில்லை.

சின்னசாமி உள்ளே போய் மனைவியிடம் பேசிவிட்டு வந்து என் தோளில் கை வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. உங்க மேல குத்தம் இல்ல. அவ்ளோ கஷ்டப்படற ஊருக்குப் பொண்ண அனுப்ப மனசு வர்ல."

வேலை தப்பியது. அரை நிமிடம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு சத்தியமாக வருத்தமாகிவிட்டது. அப்படி என்ன குறை எனக்கு?

கிளம்பும்போது அவர் மனைவி ஒரு துணி மூட்டையில் சாமையும் புளியும் கட்டி, "உங்கம்மாவுக்குக் குடுங்க, பாவம்" என்று இங்கிரிட் அம்மாள் கையில் திணித்தார். 'பாவம்' மட்டும் விட்டுவிட்டு மொழிபெயர்த்தேன். ஜீப்பில் முழுக் கதையையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "அவர் சொன்னது சரிதான்" என்றார். அன்று அடுத்த வீட்டுக்கு நாங்கள் போகவில்லை.

இதை என் மனைவியிடம் சொன்னது நான் செய்த அடுத்த தவறு. உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் யாராவது என்னைக் கொஞ்சம் புகழ்ந்துவிட்டால் போதும், அவள் முந்திக்கொள்வாள்: "மலையில கழிச்சு உட்டதுங்க. போனாப் போவுதுன்னு நான்தான் கட்டிக்கினேன்."